பூனை மிதித்த ஏடுகள்

வாசகர் கேள்வி – பதில்

எழுத்தாளர்களும் ஓவியர்களும் வளர்த்த பூனைகளைப் பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பாதிக் கடிதங்கள் ஜான்சன், ஹெமிங்வே என்று தொடங்கி ‘எங்க வீட்டுப் பூனை’ என்று முடிகின்றன. பதில்களும் அதே வழியில்தான் போகின்றன.

*

கேள்வி: ஆங்கில அகராதி எழுதிய ஜான்சன் தன் பூனைக்குச் சிப்பி வாங்கிப் போட்டாராமே, நிஜமா? எங்கள் வீட்டுப் பூனைக்குத் தினமும் பச்சைச் சாளைதான். ஒரு வாரமாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தள்ளாடுகிறது. மீனால் வந்ததா?
– மீன் விற்கும் வாசகி, பாம்பன்

பதில்: முதலில் பூனையைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், இன்றைக்கே. பச்சைச் சாளை மட்டும் தின்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சாளை, நெத்திலி, மட்டி போன்றவற்றில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது உணவிலுள்ள பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். பி1 குறைந்தால் முதலில் பசி போகும். பிறகு தலை மார்பை நோக்கித் தொங்கும், நடை தள்ளாடும், கடைசியில் வலிப்பு. இதுதான் காரணம் என்றால், ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் ஓரிரு நாளில் தேறுவது தெரியும்.

சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். ஆகவே மீனை 10 நிமிடம் வேகவைத்துப் போடுங்கள். உப்பு, மஞ்சள், புளி எதுவும் வேண்டாம். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பூனைக்குக் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். அதை ஆறவைத்து மீனோடு சேர்த்தே ஊற்றுங்கள். வாரம் முழுக்க மீனே வேண்டாம். நடுநடுவே கோழிக்கறி, அவித்த முட்டை கொடுங்கள். ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு சின்னத் துண்டு போதும். தினமும் போட்டால் ஏ வைட்டமின் மிகுந்து எலும்பு இறுகிவிடும். சூரை மீன் மட்டுமே தின்னும் பூனைக்கு வேறொரு தொல்லை: ஈ வைட்டமின் குறைந்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே கத்தும்.

பச்சை மீனை விடப் பெரிய ஆபத்து மீன் குழம்புச் சோறு. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். குழம்பில் கரைந்துபோன வெங்காயமும் வெங்காயம்தான். கருவாடு என்றால், இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, எப்போதாவது ஒரு துண்டு. வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியும் பேத்தை மீன் பக்கம் பூனை போகவே கூடாது. அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது.

இனி ஜான்சன். நிஜம்தான். ஹாட்ஜ் என்பது பூனையின் பெயர். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சிப்பி ஏழைகள் தின்னும் மலிவுப் பண்டம். ஜான்சன் தானே கடைக்குப் போய் வாங்கிவருவார். வேலைக்காரர்களை அனுப்பினால் ‘இந்தப் பூனைக்காக அலைய வேண்டியிருக்கிறதே’ என்று அதன்மேல் கடுப்பாவார்கள் என்பது அவர் கணக்கு. இதை எழுதிவைத்தவர் 1791இல் ஜான்சன் வரலாற்றை வெளியிட்ட பாஸ்வெல். பூனை இருக்கும் அறையில் உட்காரவே அவருக்குக் கூசும்; அப்படிப்பட்டவர் சொல்வதால் இன்னும் நம்பலாம். ஜான்சன் அகராதியைத் தொகுத்த வீட்டுக்கு எதிரே 1997இல் ஹாட்ஜுக்குச் சிலை வைத்தார்கள். அதன் காலடியில் சிப்பி ஓடுகளும் உண்டு.

*

கேள்வி: எங்கள் பூனைக்கு முன்னங்கால் இரண்டிலும் ஆறாறு விரல். அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஹெமிங்வே வீட்டுப் பூனைகளும் இப்படித்தானாமே?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: அமெரிக்காவின் தென்கோடியில் கீ வெஸ்ட் தீவு. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1931 முதல் 1939 வரை குடியிருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே சுமார் 60 பூனைகள். ஏறக்குறைய பாதிக்குக் கூடுதல் விரல். ஒரு கப்பல் கேப்டன் கொடுத்த ஆறுவிரல் பூனையின் வம்சம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெமிங்வே கூட்டம் கூட்டமாகப் பூனை வளர்த்ததற்குப் படமும் கடிதமுமாகச் சான்று குவிந்திருப்பது அதற்குப் பின் அவர் வாழ்ந்த கியூபா வீட்டில்.

(உங்கள் ஊர்க்காரருக்கு இன்னொரு செய்தி. கீ வெஸ்டுக்கும் கடல்மேல் ரயில் போனது. 1912இல் ஓடத் தொடங்கி 1935 புயலில் அழிந்தது. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடியது 1914இல். 1964 புயலை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.)

சாதாரணப் பூனைக்கு முன்னால் ஐந்தைந்து, பின்னால் நான்கு நான்கு, மொத்தம் 18 விரல். கூடுதல் விரலுக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு மாற்றம். தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், வெளியே தெரிந்துவிடும். ஆறுவிரல் பூனை போடும் குட்டிகளில் பாதிக்கு அது வர வாய்ப்புண்டு. தீவுக்குள் பூனைகள் தங்களுக்குள்ளேயே இணைவதால் அங்கே இது பெருகும். அதிர்ஷ்டம் என்பது மாலுமிகள் கட்டியது.

கவனிக்க வேண்டியது நகம். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் முளைத்த விரல் தரையில் படாது. அதன் நகம் தேயாமல் வட்டமாக வளர்ந்து, பாதச் சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும். நொண்டுகிறதே என்று பார்த்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். துண்டில் சுற்றி, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்து, விரலை மேலும் கீழுமாக லேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதி ரத்த நாளம். அதற்கு 2 மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். தவறி ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். நகம் ஏற்கெனவே சதைக்குள் போயிருந்தால் நீங்கள் பிடுங்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும்.

*

கேள்வி: நியூட்டன் தாய்ப்பூனைக்கு ஒரு பெரிய ஓட்டை, குட்டிக்கு ஒரு சின்ன ஓட்டை என்று கதவில் போட்டாராமே?
– வாசகர், தொண்டி

பதில்: அவர் செத்து நூறாண்டு கழித்துத்தான் அந்தக் கதை அச்சில் அடிபடுகிறது. கதவில் பூனை ஓட்டை வைப்பது அதற்கெல்லாம் முந்தைய வழக்கம். நியூட்டனுக்கு முன்னூறு ஆண்டு முந்தைய கவிஞர் சாசர், பூனை நுழைகிற ஓட்டை வழியாக ஓர் ஆள் அறைக்குள் எட்டிப் பார்ப்பதை எழுதியிருக்கிறார்.

*

கேள்வி: பழைய நிலப் பத்திரங்கள் வைத்திருந்த அட்டைப் பெட்டியில் பூனை மூத்திரம் போய்விட்டது. வெயிலில் காயவைத்தும் நாற்றம் போகவில்லை, சாயங்காலமானால் கூடுகிறது. புத்தகத்தில் பூனை இருந்தால் எழுத்தாளருக்கு அழகு என்கிறீர்கள், எங்களுக்கு வயிறு எரிகிறது.
– பத்திர எழுத்தர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் வயிற்றெரிச்சலுக்கு 600 வயதுத் துணை உண்டு. நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் 1420 வாக்கில் ஒரு துறவி கையெழுத்துப் பிரதி எழுதிக்கொண்டிருந்தார். இரவில் திறந்து வைத்த ஏட்டின்மேல் பூனை பெய்துவிட்டது. காலையில் பார்த்தவர், கறைபட்ட இடத்தை எழுதாமல் விட்டு, பக்கத்தில் பூனைப் படம் ஒன்றும் அதைச் சுட்டும் கைகளும் வரைந்து, லத்தீனில் அந்தப் பூனையைச் சபித்து, பூனை வரக்கூடிய இடத்தில் இரவில் ஏட்டைத் திறந்து வைக்காதீர்கள் என்று பின்னால் வருபவர்களுக்கு எச்சரிக்கையும் எழுதிவைத்தார். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் ஆவணக் காப்பகத்தில் 1445ஆம் ஆண்டு ஏடு ஒன்று இருக்கிறது. மையில் கால் வைத்த பூனை அதன் இரண்டு பக்கத்தையும் நான்கு தடமாகக் கடந்து போயிருக்கிறது. எழுத்தாளரின் பூனைக்கு இதைவிட உறுதியான சான்று வேறு கிடையாது. மற்றதெல்லாம் பெரும்பாலும் யாரோ சொன்னது.

நாற்றம் ஏன் கூடுகிறது என்றால், பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத படிகமாகத் தங்கிவிடும். கடற்காற்றின் ஈரம் ஏறும்போதெல்லாம் அது மறுபடி மணக்கும். வெயிலில் போடுவதை நிறுத்துங்கள். மை வெளுக்கும், தாள் முறுகும். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவே அச்சில்லாத வெள்ளைத் தாளோ உறிஞ்சுதாளோ வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்தபின், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அடியில் ஒரு கிண்ணம் சமையல் சோடா வைத்து, அதன்மேல் கம்பித் தட்டில் பத்திரங்களை அடுக்கி, இரண்டு வாரம் மூடி வையுங்கள். சோடா தாளில் படக் கூடாது. வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீரில் நனைக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். முத்திரைத்தாளின் மையும் கையெழுத்தும் ஓடிவிடும். அட்டைப் பெட்டியைத் தூக்கி எறியுங்கள், அதைக் காப்பாற்ற முடியாது.

தரைக்கு, செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் நொதி கலந்த துப்புரவுத் திரவம்தான் சரி. இடம் முழுதும் நனையும்படி ஊற்றி, புட்டியில் எழுதிய நேரம்வரை விட்டுத் துடையுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் மூத்திரத்து அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் புகை வரும். கறுப்பு பினாயில் பூனைக்கே விஷம். பாதத்தில் ஒட்டியதை அது நக்கித்தானே சுத்தம் செய்யும்?

இனி ஏன் போகிறது. கடுவன் (ஆண் பூனை) நின்றபடி வாலைத் தூக்கிச் சுவர் போன்ற செங்குத்தான இடத்தில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. ஐந்தாறு மாத வயதில் கருத்தடை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். உட்கார்ந்து போனால் அதன் மணல் தொட்டியில் குறை. பூனைக்கு ஒன்று, அதற்கு மேல் கூடுதலாக ஒன்று என்பது தொட்டிக் கணக்கு. மணல் மூன்று விரற்கடை ஆழம் இருக்கட்டும். கடல் மணலை அப்படியே போட்டால் உப்பு ஈரத்தை இழுத்துச் சொதசொதவென்றே கிடக்கும், பூனை கால் வைக்காது. நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிக் காயவைத்துப் போடுங்கள். கடுவன் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வரவில்லை என்றால் மூத்திரக் குழாய் அடைப்பு. அதற்கு மறுநாள் வரை காத்திருக்க முடியாது.

*

கேள்வி: பாரதியின் ‘வெள்ளை நிறத்தொரு பூனை’ நான்கு நிறக் குட்டி போட்டதே, அது நடக்குமா? மாணவர்கள் கேட்கிறார்கள்.
– தமிழாசிரியை, திருப்பாலைக்குடி

பதில்: நடக்கும். ‘முரசு’ பாட்டில் சாம்பல், கருஞ்சாந்து, பாம்பு நிறம், பால் வெள்ளை என்று நான்கு குட்டிகள். சாதி பேதம் வேண்டாம் என்பதற்காகச் சொன்னது. ஆனால் பூனையைப் பார்த்துச் சொன்ன கணக்கு அப்படியே நிற்கிறது.

முழு வெள்ளை என்பது பூனைக்கு ஒரு நிறமே அல்ல, போர்வை. அதற்குக் கீழே வேறு நிறத்துக்கான மரபணு ஒளிந்திருக்கும். தாயிடம் போர்வை மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால், பாதிக் குட்டிகளுக்கு அது போகாது. அவற்றின் அடிநிறம் வெளிப்படும். போர்வை மரபணு பெற்ற குட்டி வெள்ளை. பெறாதவற்றில் கறுப்பு தனியாகத் தெரியும். கறுப்பை வெளிறச் செய்யும் மரபணு தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் அது சாம்பலாகும். ரோமம் ஒவ்வொன்றிலும் வெளிறலும் கறுப்பும் மாறி மாறி வந்து, வரியும் விழுந்தால் பாம்பு நிறம். போதாக்குறைக்கு, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு கடுவன்கள் தகப்பனாக இருப்பதும் பூனையில் சகஜம்.

வகுப்பில் இதையும் சொல்லலாம்: வெள்ளைப் பூனைக்கு இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் 65 முதல் 85 சதவீதம் பிறவிச் செவிடு, ஒரு கண் மட்டும் நீலம் என்றால் 40 சதவீதம். டார்வின் 1859இல் நீலக்கண் பூனை எல்லாமே செவிடு என்று எழுதி, பின் வந்த பதிப்பில் ‘பொதுவாக’ என்று திருத்திக்கொண்டார். சோதிக்க, பூனை தூங்கும்போது பின்னால் நின்று தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். காற்றோ தரை அதிர்வோ அதன்மேல் படக் கூடாது. காது அசையாவிட்டால் தெருவில் விடாதீர்கள்.

*

கேள்வி: வலைக் கொட்டகையில் எலி வலையைக் கடித்துத் தள்ளுகிறது. அந்தக் காலக் கப்பல்களில் பூனை வைத்திருந்ததுபோல நாங்களும் வைத்தால் தீருமா?
– வள்ள உரிமையாளர், மண்டபம்

பதில்: கப்பல் பூனைகளில் வரலாறு எழுதப்பட்ட பூனை டிரிம். 1799இல் ரிலையன்ஸ் கப்பலில், நடுக்கடலில் பிறந்தது. உடல் கறுப்பு, பாதம் வெள்ளை. ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் எடுத்த மாத்யூ பிளிண்டர்ஸ் அதன் எஜமானர். 1803இல் கப்பல் பவளப் பாரில் மோதியபோது டிரிமும் மற்றவர்களோடு மணல் திட்டில் ஒதுங்கிப் பிழைத்தது. பிறகு பிளிண்டர்ஸை மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் சிறை வைத்தார்கள். அங்கேதான் டிரிம் காணாமல் போனது. சிறையிருப்பிலேயே 1809இல் அதற்கு ஓர் இரங்கல் வரலாறு எழுதினார்.

உங்கள் கொட்டகைக்கு வருவோம். பூனை சுண்டெலியைப் பிடிக்கும், எலிக்குஞ்சைப் பிடிக்கும். வளர்ந்த பெருச்சாளியோடு மோத அதற்கு மனமிருக்காது. பட்டினி போட்டால் வேட்டையாடும் என்பது தவறு. பசித்த பூனை மீன் ஏலக்கூடத்துக்குத்தான் போகும். எலி வருவது நூலுக்காக அல்ல, வலையில் ஒட்டிய செதிலுக்கும் சதைக்கும். நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஒன்றரை அடி தள்ளிக் கயிற்றில் தொங்கவிடுங்கள். அதற்குப் பிறகு பூனை. எலி மருந்தும் பூனையும் ஒரே கொட்டகையில் கூடாது. மருந்து தின்ற எலியைப் பூனை தின்னும்.

*

கேள்வி: பூனையை நேசித்த நபித்தோழர் பற்றி எழுதுங்கள்.
– வாசகி, கீழக்கரை

பதில்: நபிமொழிகளை மிக அதிகமாக அறிவித்த அபூஹுரைரா (ரலி). அந்தப் பெயருக்கே ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்று பொருள். பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமாகாது என்ற நபிமொழியை அறிவித்தவர் வேறொருவர், அபூ கத்தாதா (ரலி). நபிகள் நாயகம் தம் அங்கியின் கையை வெட்டிவிட்டு, தூங்கும் பூனையை எழுப்பாமல் எழுந்த கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் தொகுப்புகளில் அது இல்லை.

*

கேள்வி: தமிழில் பூனையைப் பாடிய பழைய புலவர் யார்? பிள்ளைகள் வரைய ஒரு பூனை ஓவியமும் சொல்லுங்கள்.
– ஓவிய ஆசிரியர், தேவிபட்டினம்

பதில்: கம்பன். ராமாயணத்தைத் தொடங்கும் முன் அவையடக்கமாக, ‘ஓசை பெற்று உயர் பாற்கடல் உற்று, ஒரு பூசை முற்றவும் நக்குபு புக்கென’ என்கிறான். அலையடிக்கும் பாற்கடலை ஒரு பூனை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போய் நின்றதுபோல, ஆசையால் இந்தக் கதையைச் சொல்ல வந்தேன் என்று பொருள். பூசை என்றால் பூனை. மலையாளத்தில் இன்றும் பூச்சதான். உலகத்தில் எழுத்தாளரைப் பூனையோடு வைத்துச் சொன்ன கதைகளில் எங்களுக்கு இதற்கு நிகர் இல்லை. மற்றவர்கள் பூனையை வளர்த்தார்கள். கம்பன் தானே பூனையாகிக் கரையில் நிற்கிறான்.

ஓவியத்துக்கு இரண்டு பூனைகளைச் சேர்த்துப் பாருங்கள். மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசு என்கிற 7ஆம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தில், பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். கல்கத்தா காளிகாட் ஓவியர்கள் 19ஆம் நூற்றாண்டில் வரைந்த பூனைக்கு நெற்றியில் நாமம், வாயில் இறால். இரண்டும் போலிச் சாமியாரைக் குத்துவதுதான்.

காளிகாட் பூனை வகுப்புக்கு எளிது. தாளில் பென்சிலால் இரண்டு முட்டை வடிவம்: சிறியது தலை, அதைப்போல இரண்டு மடங்கு உடல். முகத்தை நேராகத் திருப்பி வையுங்கள். உடலுக்கு நீர்த்த வண்ணம் பூசி, ஈரம் காயுமுன் ஓரங்களில் மட்டும் அடர்த்தியாக இன்னொரு முறை இழுத்தால் உடல் திரண்டு தெரியும். முழுக்கக் காய்ந்தபின் கறுப்பு வெளிக்கோடு. முதுகிலிருந்து வால்நுனிவரை கையை எடுக்காமல் ஒரே இழுப்பு. நிறுத்தி நிறுத்தி இழுத்தால் கோடு முடிச்சு விழும். கண், நாமம், இறால். மீசை கடைசியில், வேரிலிருந்து நுனிக்கு. பிள்ளைகள் மீசையை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் வண்ணம் தடவி அழுக்காக்குவார்கள்.

*

கேள்வி: 14 வருடம் இருந்த பூனை போய்விட்டது. கொல்லை முழுக்க மணல். எங்கே, எப்படிப் புதைப்பது? எந்த எழுத்தாளராவது பூனைக்குக் கல்லறை வைத்ததுண்டா?
– வாசகி, ராமேஸ்வரம்

பதில்: மணலை நாய் எளிதில் தோண்டும். மூன்று அடி ஆழம் வேண்டும். இரண்டடியிலேயே ஊற்றுத் தண்ணீர் வந்துவிட்டால் மேடான வேறு இடம் பாருங்கள். கிணற்றிலிருந்து 50 அடிக்கு மேல் தள்ளி இருக்கட்டும். பருத்தித் துணியில் சுற்றினால் போதும், பிளாஸ்டிக் வேண்டாம். பாதி மண் போட்டபின் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதன்மேல் மீதி மண். அடையாளத்துக்குப் பவளக் கல்லை எடுக்காதீர்கள், அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கல்லறை வைத்தவர் ஜப்பானின் நட்சுமே சோசெகி. 1904இல் வீட்டுக்குள் நுழைந்த தெருப்பூனையைக் கதைசொல்லியாக்கி 1905இல் எழுதத் தொடங்கிய நாவல்தான் அவரை எழுத்தாளராக நிலைநிறுத்தியது. நாவலில் வரும் பூனைக்குப் பெயர் கிடையாது. வீட்டுப் பூனைக்கும் கடைசிவரை அவர் பெயர் வைக்கவில்லை. 1908 செப்டம்பர் 13இல் அது இறந்தபோது சீடர்களுக்கு அஞ்சலட்டையில் தகவல் அனுப்பினார்: நாவல் எழுதிக்கொண்டிருப்பதால் இறுதிச் சடங்குக்கு யாரும் வர வேண்டியதில்லை. தோட்டத்தில் புதைத்து, நட்ட மரக்கட்டையில் தானே ஒரு குறுங்கவிதை எழுதினார்.

ஆண்டுதோறும் அந்த நாளில் அவர் மனைவி கல்லறை முன் ஒரு துண்டு சால்மன் மீனும், கட்சுவோபுஷி தூவிய ஒரு கிண்ணம் சோறும் வைப்பாராம். கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, நம் மாசிக் கருவாட்டின் பங்காளி. இரண்டுக்கும் மீன் சூரைதான். அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைப்பது. அவர்கள் மரத்தைச் சீவுவதுபோலச் சீவித் தூவுகிறார்கள், நாம் இடிக்கிறோம்.